குலுக்கல் நெறி கண்ட அறிஞர்

இலண்டனில் 1890இல் பிறந்த ரொனால்டு ஃபிஷர், பார்வை குன்றியமையால் கணக்குகளை மனத்துள்ளேயே தீர்க்கப் பயின்றவர். 1919இல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியேற்றார். மண்வளம் இடந்தோறும் வேறுபடுதலின், எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதைக் குலுக்கலுக்கே விட்டார். 1935இல் வெளிவந்த அவர்தம் நூல் இம்முறையை நிலைநாட்டிற்று. உளவியலாரும் பின்னர் இதனைக் கைக்கொண்டனர்.

மனிதரும் மண்ணைப் போன்றவரே. அறிவும் ஆர்வமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆய்வாளர் தம் விருப்பப்படி குழு பிரித்தால், விளைந்த மாற்றம் பயிற்சியின் பயனா, ஆளின் இயல்பா என்றறிய இயலாது. குலுக்கலோ, கண்ணுக்குப் புலப்படா வேறுபாடுகளையும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பிவிடும்.

புகைப்பழக்கமே நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை, குலுக்கலில் பிறவாத சான்று என 1950களில் ஏற்க மறுத்தார் ஃபிஷர். பிற சான்றுகள் அவரைப் பொய்ப்பித்தன. 1962இல் அடிலெய்டில் மறைந்தார். அவர் தவறினும், அவர் வகுத்த நெறி தவறவில்லை.