அதிகாரத்தின் மேடையில் ஒரு மகா நடிகர்

ஜேர்மனிய நாடக மேடையும் திரையும் கண்ட தலைசிறந்த குணசித்திர நடிகர்களுள் ஒருவர் ஹைன்ரிச் ஜோர்ஜ். 1893 ஆம் ஆண்டு ஒக்டோபர் 9 ஆம் திகதி, இன்று போலந்துக்குரியதாகிவிட்ட ஸ்டெற்றின் நகரில் பிறந்த அவர், முதலாம் உலக மகா யுத்தத்தில் காயமுற்று மீண்டவர். பருத்த உடலும் கனத்த குரலும் கொண்ட அவர், 1920களில் பேர்லின் மேடையில் முன்னணி இடத்தைப் பெற்றார்.

இடதுசாரி நெறியாளரான எர்வின் பிஸ்காற்றரின் தயாரிப்புகளில் நடித்த ஜோர்ஜ், கம்யூனிஸ்டுகளின் நண்பராகவே அறியப்பட்டார். 1927 இல் வெளிவந்த 'மெற்றோபொலிஸ்' மௌனப் படத்தில் பிரதான இயந்திரத்தைக் காக்கும் தொழிலாளர் தலைவனாகத் தோன்றினார். அல்பிரட் டோப்ளினின் நாவலைத் தழுவி 1931 இல் உருவான 'பேர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' திரைப்படத்தில், சிறை மீண்டு நேர்மையாக வாழ முயன்று தோற்கும் எளிய மனிதனாக உயிர்பெற்று நின்றார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதரான டோப்ளின் நாட்டை விட்டு வெளியேறினார். மேடைக் கலைஞர்கள் பலரும் புலம்பெயர்ந்தனர். ஜோர்ஜ் வெளியேறவில்லை. அதே ஆண்டில், மகனை நாஸி இளைஞர் இயக்கத்திடம் பறிகொடுத்து, பின்னர் தாமும் மனம் மாறும் கம்யூனிஸ்ட் தந்தையாக ஒரு பிரசாரப் படத்தில் நடித்தார். அப்பாத்திரம் அவரது சொந்த வாழ்வின் நிழலாகவே அமைந்துவிட்டது.

1938 இல் பேர்லின் ஷில்லர் அரங்கின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. ஆட்சியினரால் ஒதுக்கப்பட்ட கலைஞர்கள் சிலருக்கு அவர் அங்கு புகலளித்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், யூத வெறுப்பைத் தூண்டிய 'யூதன் சூஸ்' படத்தில் 1940 இல் அவர் பிரபுவாக நடித்தார் என்பதும் உண்மையே. அப்படம் ஹிம்லரின் கட்டளைப்படி எஸ்.எஸ். படையினருக்கும் பொலிஸாருக்கும் திரையிடப்பட்டது. தோல்வி வாசலை நெருங்கியிருந்த 1945 ஜனவரியில் வெளியான 'கோல்பெர்க்' படத்தில், இறுதிவரை போரிடுமாறு மக்களைத் தூண்டும் நகரத் தலைவராகவும் அவரே தோன்றினார்.

1945 ஜூனில் சோவியத் படையினர் அவரைக் கைது செய்தனர். ஹிட்லரின் வதைமுகாமாக இருந்து, பின்னர் சோவியத் தடுப்பு முகாமாக மாறிய சாக்சன்ஹவுசனுக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார். சிறைவாசத்திலும் சக கைதிகளோடு சேர்ந்து நாடகங்களை மேடையேற்றினார். உடல் தளர்ந்து, 1946 செப்டெம்பர் 25 ஆம் திகதி தமது 52 ஆவது வயதில் அங்கேயே மரணமானார். 1994 இல் முகாமுக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட எச்சங்கள், மரபணுப் பரிசோதனை மூலம் அவருடையவை என உறுதி செய்யப்பட்டன. 1998 இல் ரஷ்ய அதிகாரிகள் அவர் மீதான களங்கத்தை நீக்கினர். 2013 இல் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படமொன்றில், புகழ்பெற்ற நடிகரான அவரது மகன் கோட்ஸ் ஜோர்ஜ் தந்தையின் வேடத்தை ஏற்றார்.

முகாமில் அவருக்கு நேர்ந்தது அநீதி. அந்த அநீதி, அவர் நடித்த பிரசாரப் படங்களின் பழியைத் துடைத்துவிடாது. அந்தப் பழியும் முகாமை நியாயப்படுத்திவிடாது. நடிப்பதற்கு ஒரு மேடை இருந்தால் போதும் என்று கருதும் கலைஞன், அந்த மேடை யாருடையது என்ற கேள்வியை ஒருநாள் எதிர்கொண்டே ஆகவேண்டும். ஜோர்ஜ் அதை எதிர்கொண்டபோது காலம் கடந்திருந்தது.