அடிமையாய்ப் பிறந்து அறிஞராய் நிமிர்ந்த பிரெடரிக் டக்ளஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிகுதியாக நிழற்படம் எடுக்கப்பெற்றவர் யார் என வினவினால், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் என்றே பலரும் விடை பகர்வர். உண்மை அதுவன்று. லிங்கனின் நிழற்படங்களாக அறியப்பட்டவை ஏறத்தாழ 130 ஆகும். அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் என்னும் கறுப்பினப் பெருமகனாருக்கோ வெவ்வேறான 160 நிழற்படங்கள் உள்ளன. ஆய்வாளர் மூவர் இவற்றைத் தேடித் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். இத்தனை முறை அவர் காமிராவின் முன் அமர்ந்தது தற்பெருமையால் அன்று. அதன் காரணத்தை அவர்தம் வாழ்க்கையே உணர்த்தும்.

மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் 1818 பிப்ரவரித் திங்களில் டக்ளஸ் பிறந்தார். ஆனால் அவரோ தாம் 1817-இல் பிறந்ததாகவே இறுதிவரை எண்ணியிருந்தார். அவர் பிறப்புக் குறிப்பு அடிமைகளின் உடைமையாளரது கணக்கேட்டில் இருந்தது. பிறந்தவருக்கு அது தெரியவில்லை. தாயார் ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் உழைத்தவர். பகலெல்லாம் வயலில் பாடுபட்டு, இரவில் 12 மைல் நடந்து வந்து மகனைக் கண்டு, விடியுமுன் திரும்பிவிடுவார். அவ்வாறு கண்டதும் நான்கைந்து முறையே. டக்ளஸ் சிறுவனாய் இருக்கும்போதே தாயார் மறைந்தார். அந்த அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் படம் எடுத்து வைக்கவில்லை. நிழற்படமும் அந்நாளில் பிறந்திருக்கவில்லை. பிற்காலத்தில் மனித இன வரலாற்று நூல் ஒன்றில் எகிப்திய மன்னர் ஒருவரின் உருவப்படத்தைக் கண்ட டக்ளஸ், அதில் தம் தாயின் சாயல் இருப்பதாக உணர்ந்தார். மறைந்த அன்னையின் படத்தைப் பார்ப்பதுபோல் அதனையே அவர் பார்த்து வந்தார்.

ஏறத்தாழ எட்டு வயதில் பால்டிமோர் நகர வீடொன்றுக்கு அவர் வேலைக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டு எசமானி சோபியா ஆல்டு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் அதனைக் கண்டு வெகுண்டார். படித்தவன் அடிமையாய் இருக்க மாட்டான் என்பது அவர் அச்சம். விடுதலைக்கு வழி கல்வியே என்பதைச் சிறுவன் அந்தத் தடையிலிருந்தே அறிந்துகொண்டான். தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கற்றான். கப்பல் கட்டும் துறையில் மரங்களின்மேல் தச்சர் இட்ட எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். பன்னிரண்டு வயதளவில் 50 சென்ட் சேர்த்துச் சொற்பொழிவு நூல் ஒன்றை வாங்கினான்.

1838 செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமி உடையணிந்து, நண்பர் ஒருவரின் மாலுமிச் சான்றுத்தாளுடன் இரயிலேறித் தப்பினார். அதற்குப் பொருள் தந்து துணை நின்ற அன்னா முர்ரே அம்மையாரை நியூயார்க்கில் மணந்தார். 1841-இல் நான்டக்கெட் தீவில் நிகழ்ந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் பேசியது முதல் அவர் புகழ் பரவியது. 1845-இல் தன் வரலாற்றை வெளியிட்டார். மீண்டும் பிடிபடும் அபாயம் நேரவே பிரிட்டன் சென்றார். அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846-இல் சட்டப்படி அவருக்கு விடுதலை பெற்றுத் தந்தனர். 1847-இல் ராச்செஸ்டர் நகரில் வடமீன் எனும் பொருள்படும் பெயரில் செய்தித்தாள் தொடங்கினார்.

அவ்வூரில் தனியார் பள்ளி ஒன்று அவர் மகள் ரோசட்டாவைச் சேர்த்துக்கொண்டு, பிற மாணவியரோடு அமரவிடாமல் தனி அறையில் இருத்திற்று. டக்ளஸ் மகளை அப்பள்ளியினின்றும் விலக்கி, அந்த அநீதியைத் தம் இதழில் வெளிப்படுத்தினார். நகரப் பொதுப்பள்ளிகளிலும் பிரிவினை நீங்கவேண்டுமென இடைவிடாது போராடினார். 1857-இல் அவை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப்பட்டன.

பிரான்சு நாட்டில் 1839-இல் நிழற்படக் கலை உலகறிய அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், ஏறத்தாழ 1841-இல், டக்ளஸின் முதற்படம் எடுக்கப்பட்டது. கறுப்பின மக்களைக் கோமாளிகளாகவும், அடிமைத்தனத்தில் மகிழ்பவராகவும் ஓவியர் தீட்டிய காலம் அது. வெள்ளை ஓவியர் கறுப்பரை உள்ளவாறு வரைதல் அரிது என 1849-இல் அவர் எழுதினார். தம் முகத்தை மிகக் கனிவாகக் காட்டிய செதுக்கோவியம் ஒன்றையும் அவர் ஏற்கவில்லை. காமிராவோ உள்ளதைக் காட்டும். அரசர்க்கும் முன்பு கிட்டாத உருவப்படம் வேலைக்காரப் பெண்ணுக்கும் இன்று கிட்டும் என்று 1861-இல் பாஸ்டன் நகரில் நிழற்படம் பற்றிய சொற்பொழிவில் விளக்கினார்.

ஆதலின், நன்கு உடுத்தி, தலை நிமிர்ந்து, சிரிப்பின்றிக் காமிராவின் முன் அமர்ந்தார். 1850-இல் கசனோவியா எனுமிடத்தில், தப்பிவந்த அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தை எதிர்த்த மாநாட்டின் படத்தில் அவரைக் காணலாம். 1867-இல் ஜேம்ஸ் பிரெஸ்லி பால் எனும் கறுப்பினக் கலைஞர் அவரைப் படமெடுத்தார். 1894-இல் எடுத்த படத்தில் வயலின் கலைஞரான பேரன் ஜோசப் உடனுள்ளார்.

உள்நாட்டுப் போரில் அவர் மைந்தர் இருவர் 54-ஆம் மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்தனர். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1889-இல் அவர் ஹெயிட்டி நாட்டுத் தூதரானார். மகளிர் வாக்குரிமைக்கு 1848 முதல் குரல் கொடுத்த அவர், 1895 பிப்ரவரி 20-ஆம் நாள் மகளிர் மன்றக் கூட்டமொன்றிற்குச் சென்று இல்லம் திரும்பிய பின் இயற்கை எய்தினார்.

அமெரிக்க அடிமை ஒழிப்பு நம் நாட்டாரையும் தொட்டது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட தம் குலாம்கிரி நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அதே காலத்தில், 1868 முதல் 1875 வரை, ஆங்கிலேயர் இந்திய மக்களைப் படமெடுத்து எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றுள் பலருடைய படத்தின் கீழ்ச் சாதியின் பெயர் உண்டு. அம்மனிதரின் பெயர் இல்லை.

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டன் பாட்டியரின் பழைய படம் ஒன்றேனும் இருக்கக்கூடும். அவர்களை அறிந்த முதியோர் உயிருடன் இருக்கையிலேயே கேட்டறிந்து, படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், செய்த தொழில், ஆண்டு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி வையுங்கள். படமே இல்லாதவர்களின் வரலாற்றை ஓர் ஏட்டில் எழுதுங்கள். தாயின் முகத்தை அயலார் நூலில் தேடிய டக்ளஸின் நிலை நம் பேரர்க்கு வாராதிருக்கட்டும்.