மேரி சாப்மன் அம்மையார்

இலங்கையிற் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் முதன்முதற் பள்ளி கண்டவர் மேரி சாப்மன் அம்மையார். ஆங்கிலேயர், திருச்சபைத் தொண்டர். மலையகத்தார் பலரின் முன்னோர் புறப்பட்ட திருநெல்வேலிச் சீமையிலே, பாளையங்கோட்டையில், சுவெயின்சன் அம்மையார் 1897இல் தொடங்கிய செவிப்புலனற்றோர் பள்ளியில் இவரும் பணிபுரிந்தவர் என்பது நமக்கு உவகை தருவதாகும்.

1912இல் தெகிவளையிற் பள்ளியை அமைத்தார். பின்னர் அஃது இரத்மலானையில் நிலைபெற்றது. 1920இல் இரங்கூனிலும் ஒன்று நிறுவி, அதனோடு ஆசிரியர் பயிற்சியையும் இணைத்தார். அவரது தலைமைத்துவத்தின் உயிர்நிலை இதுவே என்பேன்: பயின்ற ஆசிரியர் வரட்டும் என்று காத்திராமல், அவர்களைத் தாமே ஆக்கிக்கொண்டார். அக்காலத்துப் பள்ளிகள் பலவும் 1880ஆம் ஆண்டு மிலான் மாநாட்டைப் பின்பற்றிச் சைகைமொழியைத் தாழ்வாக எண்ணின. அக்கொள்கை இன்று நமக்கு உடன்பாடன்று.

நிற்க. அம்மையாரின் பள்ளி தோட்டத்து லயங்களுக்கு எட்டாத் தொலைவு. அட்டனில் இரயிலேறி, கோட்டையில் மாறி, இரத்மலானை சேர்வதற்குள் பகல் கழியும். கொழுந்தெடுக்கும் தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். 1956இல் எழுந்த, தமிழிற் கற்பிக்கும் நபீல்ட் பள்ளியோ யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ளது. ஆகவே பிள்ளை முதலில் வந்து நிற்பது நம் தோட்டப் பாடசாலை வாயிலிலேதான்.

கட்டாயக் கல்வி 1998இல் நடைமுறைக்கு வந்த பின்னரும், பயிற்சி பெற்றவர் இல்லையென்று அப்பிள்ளையைத் திருப்பியனுப்பிய அதிபர்களை நான் அறிவேன். அத்தகையோரிடம் இரங்கூன் வரலாற்றைக் கூறுவது என் வழக்கம். கேட்டவருட் சிலர், சன்னல் வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழும் இடம் பார்த்து, முன்வாங்கிற் பிள்ளையை அமர்த்தியிருக்கிறார்கள்.