கணிதப் புலவர் உமர் கய்யாம்

உமர் கய்யாம் என்னும் பெயரைக் கேட்டவுடனே இனிய பாடல்களே பலருடைய நினைவில் எழும். பாரசீக மொழியில் வழங்கிய அப்பாடல்களை 1859-ஆம் ஆண்டில் பிட்ஸ்ஜெரால்டு என்பார் ஆங்கிலத்தில் ஆக்கி உலகறியச் செய்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றின் சுவையைத் தமிழருக்கு வழங்கினார். ஆயினும், தம் காலத்தில் உமர் பெரும்புகழ் பெற்றது பாட்டினால் அன்று. கணிதத்திலும் வானநூலிலும் துறைபோகிய பேரறிஞர் என்றே அக்காலத்தார் அவரைப் போற்றினர்.

பாரசீகத்தின் வடகிழக்கில் உள்ளது குராசான் என்னும் நிலப்பகுதி. அதன் சிறந்த நகரங்களுள் ஒன்றாகிய நிசாப்பூரில் 1048-ஆம் ஆண்டில் உமர் பிறந்தார். கய்யாம் என்னும் சொல்லுக்குக் கூடாரம் செய்பவர் என்பது பொருள். அஃது அவர்தம் முன்னோரின் தொழிலைக் குறிக்கும் என்பர். இளமையிலேயே பல கலைகளைக் கற்றுத் தேர்ந்த உமர், பின்னர்ச் சாமர்க்கந்து நகரை அடைந்தார். அந்நகரின் தலைமை நீதிபதியாகிய அபூ தாகிர் அவரை ஆதரித்தார். அங்கிருந்த நாளில் உமர் இயற்கணித நூல் ஒன்றை இயற்றினார். முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் கொண்டு அவற்றிற்கு விடை காணும் வழியை அந்நூல் காட்டியது. மெய்யறிவை நாடுவோர் அருகிவிட்டனர் என்றும், அவர்களை உலகம் எள்ளி நகையாடுகின்றது என்றும் அந்நூலின் முகப்பில் அவர் வருந்தியுள்ளார்.

உமரின் புகழ் செல்ஜூக்கியப் பேரரசராகிய மாலிக்சாவின் செவிக்கு எட்டியது. 1074-ஆம் ஆண்டில் அரசரும், அறிவிற் சிறந்த அமைச்சராகிய நிசாமுல் முல்க்கும் அவரை இசுபகான் நகருக்கு அழைத்தனர். அங்கே வானாய்வுக்கூடம் ஒன்று எழுந்தது. உமரும் அவருடைய துணைவர்களும் கதிரவனின் செலவை ஆண்டுக்கணக்கில் அளந்து, புதிய நாட்காட்டி ஒன்றை வகுத்தனர். 1079-ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது.

பகலிற் கதிரவனையும் இரவில் விண்மீன்களையும் ஆராய்ந்த உமரின் உள்ளத்தை மற்றொரு வினா நெடுநாள் வாட்டி வந்தது. அது வானத்தைப் பற்றியதன்று. ஓர் எளிய நாற்கரத்தைப் பற்றியது.

ஒரு நாற்கரத்தின் நான்கு உட்கோணங்களையும் கூட்டினால் 360 பாகை, அஃதாவது நான்கு செங்கோணம், வரும் என்பதை மாணவர் யாவரும் அறிவர். ஆனால், அஃது ஏன் அவ்வாறு ஆதல் வேண்டும்? கிரேக்கப் பேரறிஞராகிய யூக்ளிட், இணைகோடுகளைப் பற்றிய ஒரு கூற்றை மெய்ப்பிக்காமலே ஏற்றுக்கொண்டு, அதன்மேல் தம் வடிவ கணிதத்தை எழுப்பியிருந்தார். 360 பாகை என்னும் முடிவும் அக்கூற்றையே சார்ந்து நின்றது. பெரியோர் கூறியது என்பதற்காகவே ஒன்றை ஒப்புக்கொள்ள உமரின் உள்ளம் இசையவில்லை. ஆகவே, அக்கூற்றுக்கு மெய்ப்பு நாடினார்.

அதன் பொருட்டு அவர் ஒரு நாற்கரத்தை வரைந்தார். முதலில் ஓர் அடிக்கோடு. அதன் இரு முனைகளிலும் செங்குத்தாக, ஒரே நீளமுள்ள இரு கோடுகள். அவற்றின் உச்சிகளை இணைக்கும் மேற்கோடு ஒன்று. கீழிரண்டு கோணங்களும் செங்கோணங்கள். மேலிரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்பதை அவர் எளிதில் நிறுவினார். ஆனால், அவை எத்தகைய கோணங்கள்? செங்கோணமாக இருக்கலாம், 90 பாகைக்குக் குறைந்த குறுங்கோணமாக இருக்கலாம், 90 பாகைக்கு மிகுந்த விரிகோணமாகவும் இருக்கலாம். குறுங்கோணமாயின் மேற்கோடு அடிக்கோட்டினும் நீண்டுவிடும், விரிகோணமாயின் குறுகிவிடும். இவ்விரண்டும் பொருந்தா எனக் காட்டி, அவை செங்கோணங்களே என உமர் முடிவு செய்தார். 1077-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியை ஒரு நூலாக எழுதி முடித்தார்.

அம்மெய்ப்பில் ஒரு குறை இருந்தது. நெருங்கி வரும் இரு நேர்கோடுகள் சந்தித்தே தீரும் என்பதை வெளிப்படை உண்மையாக அவர் கொண்டார். அதனுள் யூக்ளிடின் கூற்றே மறைந்து நின்றது. எனினும், அவர் வகுத்த மூவகைப் பாகுபாடு வீண்போகவில்லை. 1733-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் சக்கேரி அதே நாற்கரத்தை ஆராய்ந்தார். 1829-ஆம் ஆண்டில் உருசியப் பேரறிஞர் லொபசெவ்ஸ்கி, உமர் தள்ளிய குறுங்கோண வழியிலேயே சென்று, முரண்பாடற்ற புதியதொரு வடிவ கணிதத்தை வெளியிட்டார். குதிரைச் சேணம்போல் வளைந்த பரப்பில் நாற்கரத்தின் கோணங்கள் 360 பாகைக்குக் குறையும். பந்தின் பரப்பிலோ அதனினும் மிகும். சமதளத்தில் மட்டுமே அவை சரியாக 360 பாகையாகும். உமர் அடைத்த இரு கதவுகளும் பிற்காலத்தாருக்குப் புதிய உலகங்களின் வாயில்களாயின.

1092-ஆம் ஆண்டு உமருக்குத் துயர் மிகுந்த ஆண்டாயிற்று. அமைச்சர் கொலையுண்டார், சில வாரங்களுள் அரசரும் மறைந்தார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த வானாய்வுக்கூடம் பொருளுதவியின்றி ஓய்ந்தது. ஆதரவு இழந்தும் அவருடைய அறிவு வேட்கை தணியவில்லை. பின்னர் மெர்வு நகரிற் சிலகாலம் தங்கிய உமர், முதுமையில் நிசாப்பூருக்குத் திரும்பி, 1131-ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தார்.

மரங்கள் மலர் சொரியும் இடத்தில் தம் கல்லறை அமையும் என உமர் ஒருமுறை கூறினாராம். அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து அங்குச் சென்ற நிசாமி அரூசி என்னும் எழுத்தாளர், தோட்டச் சுவருக்கு அப்பாலிருந்து பேரி மரங்களும் பீச் மரங்களும் சொரிந்த மலர்கள் கல்லறையை மூடிக் கிடக்கக் கண்டு கண்ணீர் உகுத்தார். ஐயுற்று ஆராய்தலே அறிவின் தொடக்கம். விடையிற் சிறு பிழை நேர்ந்தாலும், நேர்மையோடு எழுப்பிய வினா பல நூற்றாண்டுகள் கழித்தும் பயன் தரும் என்பதற்கு உமரின் நாற்கரமே சான்றாகும்.