பாறையில் கண்ட கடல்

நுழையும்முன்

அரியலூர் வட்டாரத்தில் கிணறு வெட்டுவோரின் கடப்பாரையில் சிப்பியும் சங்கும் அகப்படுவது புதிதன்று. கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள இந்த வறண்ட மண்ணில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் எவ்வாறு வந்தன? பெரம்பலூர், அரியலூர் பகுதிகளின் பாறைகளை முறையாக வரிசைப்படுத்தி இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. நிலக்கரி ஆய்வில் தொடங்கி, மண்ணுக்குள் கடலைக் கண்டு, இறுதியில் பருவமழையை முன்னறியும் முயற்சிக்குத் தம்மை ஒப்படைத்த அறிஞரின் வாழ்க்கை இது.

பிறப்பும் கல்வியும்

ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இலண்டன் நகரில் பிறந்தார். அவருடைய அண்ணன் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு அவரைவிட இரண்டு வயது மூத்தவர். சகோதரர் இருவரும் இலண்டனில் இருந்த அரசு சுரங்கக் கல்லூரியில் பயின்றனர். பின்னர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள பிரைபெர்க் சுரங்கக் கல்லூரிக்கும் சென்று தம் கல்வியை விரிவாக்கிக்கொண்டனர்.

அக்காலத்தில் இந்தியாவில் இருப்புப்பாதை அமைக்கும் பணி தொடங்கியிருந்தது. புகைவண்டிக்கும் நீராவிக் கப்பலுக்கும் நிலக்கரி இன்றியமையாததாயிற்று. அதனை இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவருவது பெருஞ்செலவு. இந்திய மண்ணிலேயே நிலக்கரி எங்குள்ளது என அறியும் தேவையிலிருந்தே 1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை உருப்பெற்றது. தாமஸ் ஓல்டாம் அதன் தலைவராக இருந்தார். 1855ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் பிளான்போர்டு சகோதரர் இருவரும் அத்துறையில் பணியேற்கக் கல்கத்தா வந்தடைந்தனர். இளையவருக்கு அப்போது வயது 21.

நிலக்கரியைத் தேடி

ஒடிசாவின் தால்சீர் நிலக்கரிப் படுகையை ஆராய்வதே சகோதரர்களுக்கு முதலில் தரப்பட்ட பணி. நிலக்கரி இருக்கும் அடுக்குகளுக்குக் கீழே, வேறு வகையான ஒரு பாறைத்தொகுதி இருப்பதை அவர்கள் பிரித்துணர்ந்தனர். அதற்குத் தால்சீர் என்றே பெயரிட்டனர். இப்பகுப்பு வெறும் பெயர்ச்சூட்டல் அன்று. தால்சீர் தொகுதியைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழே நிலக்கரி தேடித் தோண்டுவது வீண் என்பதைச் சுரங்கம் வெட்டுவோர்க்கு அது உணர்த்தியது.

அத்தொகுதியின் அடிப்பகுதியில் விந்தை ஒன்று காணப்பட்டது. மென்மையான வண்டல் படிவுக்குள் பெரும்பெரும் உருண்டைக் கற்கள் புதைந்திருந்தன. பெருங்கற்களை உருட்டிவரும் வேகமுள்ள நீரோட்டத்தில் மென்வண்டல் படியாது. மென்வண்டல் படியும் அமைதியான நீர் பெருங்கற்களைச் சுமக்காது. இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தது பனிக்கட்டியாக இருக்கலாம் என்று சகோதரர்கள் கருதினர். வெப்பநாடாகிய இந்தியாவில் ஒருகாலத்தில் பனி உறைந்து கிடந்தது என்ற கருத்தைப் பலர் உடனே ஏற்கவில்லை. ஆனால் பின்னாளில் அத்தகைய கற்களில் பனியாறு தேய்த்த பளபளப்பும் கீறல்களும் கண்டறியப்பட்டபோது அவர்களுடைய கணிப்புக்கு வலிமை கிடைத்தது.

மேற்கிலிருந்து கிழக்காக

1857ஆம் ஆண்டு ஹென்றி சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். அன்றைய திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளை ஆராயும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. இப்பகுதியின் புதைபடிவங்கள் அதற்கு முன்பே அறிஞர் சிலரின் கவனத்தை ஈர்த்திருந்தன. கே, கன்லிப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய படிவங்களை எட்வர்டு போர்ப்ஸ் 1846இல் விளக்கி எழுதியிருந்தார். எனினும் எந்தப் பாறை முந்தியது, எது பிந்தியது என்னும் வரிசை தெளிவாகவில்லை. வரிசை தெரியாத புதைபடிவம், பக்க எண் இல்லாமல் சிதறிய ஏட்டுச்சுவடியைப் போன்றது.

அந்த ஏடுகளை அடுக்கும் பணியைப் பிளான்போர்டு மேற்கொண்டார். சுத்தியல், திசைகாட்டி, உருப்பெருக்கி ஆகியவையே அக்கால நிலவியலாளரின் கருவிகள். ஓடைக்கரைகளும் கிணற்றுச் சுவர்களும் அவர்களுக்குப் பாடநூல்கள். இப்பகுதியின் பாறையடுக்குகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கே பழம்பாறைகளின் விளிம்பிலிருந்து கிழக்கே நடப்பவர், காலத்தில் முன்னோக்கி நடப்பவராகிறார்.

இந்த வரிசையைப் பிளான்போர்டு மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். பாடாலூருக்கு அருகிலுள்ள ஊட்டத்தூரின் பெயரால் முதலாவது ஊட்டத்தூர்த் தொகுதி. அதற்கு மேலே அமைந்தது திருச்சிராப்பள்ளித் தொகுதி. அதற்கும் மேலே, கிழக்கில் பரந்து கிடப்பது அரியலூர்த் தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் கிடைக்கும் நத்தைக் கூடுகள், சிப்பிகள், சுருள்வடிவ அம்மோனைட்டுகள் ஆகியவற்றை ஐரோப்பியப் படிவங்களோடு ஒப்பிட்டு, இவையனைத்தும் கிரெட்டேசியக் காலத்தைச் சார்ந்தவை என உறுதிசெய்தார். அந்தக் காலத்தில் இன்றைய கடற்கரை இங்கில்லை. கடல் மேற்கே உட்புகுந்து கிடந்தது. காரை, குன்னம், கருடமங்கலம், கல்லங்குறிச்சி ஆகிய ஊர்களின் மண், அக்கடலின் அடித்தளமாகவும் கரையாகவும் இருந்தது.

இவ்வாய்வின் அறிக்கை 1862இல் நிலவியல் ஆய்வுத்துறையின் நினைவேட்டு வரிசையில் வெளிவந்தது. தமிழகத்துச் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் இடம்பெறலாயின.

தெரிந்து தெளிவோம்

பிளான்போர்டின் காலத்தில் பாறைகளின் வயதை ஆண்டுக்கணக்கில் அளக்கும் முறை இல்லை. எது முந்தியது என்று மட்டுமே சொல்ல முடிந்தது. கதிரியக்க முறை 20ஆம் நூற்றாண்டில் வந்த பின்னரே எண்கள் கிடைத்தன. கிரெட்டேசியக் காலம் சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது.

இலை இருந்தும் கரி இல்லை

ஊட்டத்தூர்ப் பகுதியில் கடற்படிவுகளுக்கு அடியில் இலைப்படிவங்கள் தாங்கிய அடுக்குகளையும் பிளான்போர்டு பதிவுசெய்தார். தால்சீரிலும் செடிகொடிகளின் படிவங்கள் உண்டு. ஆனால் அங்கு நிலக்கரி இருந்தது. இங்கு வெட்டியெடுக்கத்தக்க கரி இல்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பிற்கால அறிவியல் விளக்கியது.

இலை படிந்த இடமெல்லாம் நிலக்கரி ஆவதில்லை. சதுப்புநிலத்தில் மரமும் இலையும் தலைமுறை தலைமுறையாக வீழ்ந்து குவிய வேண்டும். காற்றின் தொடர்பு குறைந்து, அவை முற்றிலும் மட்கிப்போகாமல் காக்கப்பட வேண்டும். மேலே மண் மூடி, அழுத்தமும் வெப்பமும் பெருக வேண்டும். அப்போது அது முதலில் பீட் என்னும் கரிமப்படிவாகவும், பிறகு பழுப்பு நிலக்கரியாகவும், அதன்பின் கருமையான நிலக்கரியாகவும் முதிர்கிறது. முதிர முதிர நீரும் ஆக்சிசனும் குறைந்து, கரிமத்தின் பங்கு கூடுகிறது.

கடலில் நிகழ்வது வேறு கதை. நுண்பாசிகளும் மிதவை உயிர்களும் இறந்து, உயிர்வளி குறைந்த கடலடிச் சேற்றில் புதைகின்றன. சேறு களிப்பாறையாக இறுகும்போது அந்த உயிர்ப்பொருள் கெரோஜன் என்னும் திண்பொருளாக மாறுகிறது. நிலத்தடியில் ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரையிலான செல்சியசு வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்தால், கெரோஜனிலிருந்து எண்ணெய் பிறக்கிறது. இவ்வாறு எண்ணெயைப் பெற்றெடுக்கும் பாறையை மூலப்பாறை என்பர். பாறைத்துண்டை மெருகேற்றி, அதிலுள்ள மரப்பொருளின் எச்சமாகிய விட்ரினைட் எவ்வளவு ஒளியை எதிரொளிக்கிறது என நுண்ணோக்கியில் அளந்து, அது எந்த அளவு முதிர்ந்துள்ளது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் அறிகின்றனர்.

பிளான்போர்டிடம் இக்கருவிகள் இல்லை. ஆயினும் அவர் வகுத்த வரிசையே பின்வந்தோர்க்கு அடித்தளமாயிற்று. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியவர்கள், நிலத்தின் மேல் தெரியும் அடுக்குகளின் தொடர்ச்சியைக் கிழக்கே ஆழத்தில் தேடினர். அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்தின் பெயர் தாங்கிய ஆழ்படிவுகளும், சாத்தப்பாடிக் களிப்பாறையும் இப்படுகையின் மூலப்பாறைகளாகக் கருதப்படுகின்றன.

நிலக்கரித் துறைக்கென வந்தவரின் வாழ்வில் காலம் ஒரு விந்தையையும் வைத்திருந்தது. கிரெட்டேசியப் பாறைகளைக் கிழக்கே மூடிக்கிடக்கும் செம்மணற்கற்களுக்குக் கடலூர் மணற்கல் எனப் பெயரிட்டவர் பிளான்போர்டே. அந்த மணற்கற்கள் பரவிய நிலத்தின் அடியில்தான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மறைந்திருந்தது. மேற்பரப்பை ஆராய்ந்தவரின் கண்ணுக்கு அது புலப்பட வழியில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வெளிவந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தின் நிலத்தடியிலும் அத்தகைய பழுப்பு நிலக்கரி உள்ளது.

பாதியில் நின்ற பயணம்

ஏழாண்டுக் களப்பணியின் கடுமை பிளான்போர்டின் உடலைத் தளர்த்தியது. 1862இல், தம் 28ஆம் வயதில் அவர் நிலவியல் ஆய்வுத்துறையிலிருந்து விலகினார். திருச்சிப் பகுதியின் புதைபடிவங்களில் சில வகைகளையே அவரால் விளக்கி எழுத முடிந்தது. எஞ்சிய பெரும்பணியைப் பெர்டினாண்டு ஸ்டோலிக்சுகா என்னும் இளம் அறிஞர் ஏற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் உழைத்துப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். தாம் தொடங்கியதைப் பிறர் முடிப்பதைப் பார்த்துநிற்பது எளிதன்று. பிளான்போர்டு வேறொரு வழியில் தம் உழைப்பைத் தொடர்ந்தார்.

அவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியப் பள்ளி மாணவர்களுக்காக இயற்கைப் புவியியல் பாடநூல் ஒன்றையும் எழுதினார். 1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைக் கொடும்புயல் தாக்கியது. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்புயலின் போக்கை ஆராய்ந்து, காஸ்ட்ரெல் என்பவரோடு இணைந்து அவர் அறிக்கை எழுதினார். முன்னறிவிப்பு இருந்திருந்தால் உயிர்கள் பல பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அரசிடமும் அறிஞரிடமும் வலுப்பெற்றது. 1867இல் வங்காள அரசின் வானிலை அறிக்கையாளராகப் பிளான்போர்டு அமர்த்தப்பட்டார்.

மூழ்கிய நிலம்

பாறைகளை விட்டு அவர் விலகினாலும் பாறைகள் அவர் நினைவை விட்டு விலகவில்லை. 1875இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இந்தியாவின் நிலக்கரிக் காலச் செடிப்படிவங்களையும் தென்னாப்பிரிக்காவின் படிவங்களையும் ஒப்பிட்டது. இரண்டும் ஒத்திருப்பதற்கு, அவ்விரு நிலங்களும் ஒருகாலத்தில் இணைந்திருந்ததே காரணம் என்று அவர் வாதிட்டார். இடையிலிருந்த பெருநிலம் பின்னர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிவிட்டதாகக் கருதினார்.

இவற்றில் பாதி நிலைத்தது; பாதி மாறியது. நிலங்கள் இணைந்திருந்தன என்பது உண்மை. ஆனால் நடுவிலிருந்த நிலம் மூழ்கவில்லை. கண்டங்களே விலகி நகர்ந்தன என்பதை 20ஆம் நூற்றாண்டு மெய்ப்பித்தது. சான்றுகளைச் சரியாகக் கண்டவரும் விளக்கத்தில் தவறக்கூடும். அச்சான்றுகளை நேர்மையாகப் பதிவுசெய்திருந்தால், பின்வருவோர் விளக்கத்தைத் திருத்திக்கொள்ள முடியும்.

வானத்தைப் படித்தல்

அதே 1875ஆம் ஆண்டு இந்திய வானிலைத்துறை நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் பிளான்போர்டு. அதுவரை மாகாணந்தோறும் வெவ்வேறு முறையில் அளக்கப்பட்ட மழை, வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றை ஒரே முறைக்குக் கொண்டுவருவது அவருடைய முதற்கடமையாயிற்று.

பணி தொடங்கிய மறு ஆண்டே தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். அவர் கால்பதித்து ஆராய்ந்த சென்னை மாகாணமும் அதில் அழிவுற்றது. பருவமழை பொய்க்கப்போவதை முன்கூட்டியே அறிய இயலுமா என்பது அதன்பின் ஆட்சியாளரை வாட்டிய வினாவாயிற்று.

பிளான்போர்டு விடையை இமயத்தில் தேடினார். இமயமலையில் பனிப்பொழிவு மிகுந்தால், கோடை வெயிலின் பெரும்பகுதி பனியை உருக்கவே செலவாகும். நிலம் சூடாவது தாமதப்படும். அதனால் கடற்காற்றை உள்ளிழுக்கும் ஆற்றல் குறைந்து மழை தளரும். இக்கருத்தை 1884இல் வெளியிட்டார். அதனடிப்படையில் 1886 ஜூன் 4ஆம் நாள், இந்தியப் பருவமழைக்கான முதல் நீண்டகால முன்னறிவிப்பு முறையாக வெளிவந்தது. பனி ஒன்றே மழையைத் தீர்மானிப்பதில்லை எனப் பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் பருவமழையைக் கணிக்கும் நெடும்பணி அந்நாளில்தான் தொடங்கியது.

விட்டுச்சென்றவை

ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பிளான்போர்டு, இந்தியாவின் தட்பவெப்பநிலை பற்றி 1889இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். 1893 ஜனவரி 23ஆம் நாள் போக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அவருக்கு வயது 58.

அவர் வகுத்த தொகுதிகளைப் பின்வந்தவர்கள் மேலும் நுணுகிப் பகுத்தனர். நின்னியூர்ச் சுண்ணாம்புப்பாறைகள் தனித்தொகுதியாயின. 1940இல் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். பழங்கடலின் சிப்பிகள் படிந்த சுண்ணாம்புப்பாறை இன்று சிமெண்டாகி வீடுகளாக எழுகிறது. சுரங்கம் விரிய விரியப் புதைபடிவங்கள் அரைபட்டும் போகின்றன. ஒருமுறை அழிந்த ஏட்டை மீண்டும் எழுத எவராலும் இயலாது. வழியில் கிடக்கும் ஒரு சுருள்சிப்பியைக் கல்லென்று எறியாமல் எடுத்துப் பார்க்கும் கண்கள் பெருகுவதே, இம்மண்ணின் பக்கங்களை முதலில் அடுக்கியவருக்குச் செய்யும் நன்றியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கிணறு அல்லது ஓடைக்கரையில் தெரியும் மண், பாறை அடுக்குகளைப் படமாக வரைந்து, எது முந்தியது என வகுப்பில் விளக்குக.
2. இலைப்படிவங்கள் இருந்தும் ஊட்டத்தூரில் நிலக்கரி இல்லாமைக்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. சுண்ணாம்புச் சுரங்கமும் புதைபடிவப் பாதுகாப்பும் ஒருங்கே நடைபெற இயலுமா? கலந்துரையாடுக.