ருடால்ஃப் டீசல்

ஓர் எந்திரத்திற்கும் எரிபொருளுக்கும் தம் பெயரையே விட்டுச்சென்றவர் ருடால்ஃப் டீசல். செருமானியப் பெற்றோருக்கு 1858ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் தோற்பொருள் செய்யும் கைவினைஞர். 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூளவே, அக்குடும்பம் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் செருமனியின் ஆக்சுபர்க்கு நகரிலிருந்த உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டான்.

பின்னர் மியூனிக்கில் பொறியியல் பயின்றபோது, பேராசிரியர் லிண்டேயின் விரிவுரைகள் டீசலின் சிந்தையைத் தூண்டின. நீராவி எந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கையே பயனுள்ள வேலையாக மாற்றியது, எஞ்சியது வீணாயிற்று. இவ்விழப்பைக் குறைப்பதே அவர்தம் வாழ்நாள் வேட்கையாயிற்று.

காற்றை விரைந்து அழுத்தினால் அது சூடேறும் என்பது இயற்பியல் உண்மை. டீசல் எந்திரத்தின் அடிப்படையும் அதுவே. உருளைக்குள் முதலில் காற்று மட்டும் இழுக்கப்படுகிறது. உந்துதண்டு மேலேறி அதனை மிகுதியாக அழுத்த, வெப்பநிலை 500 பாகை செல்சியசைக் கடக்கிறது. அந்நிலையில் செலுத்தப்படும் எரிபொருள், தீப்பொறியின் துணையின்றித் தானே பற்றிக்கொள்கிறது. விரிவடையும் வளிமங்கள் உந்துதண்டைக் கீழே தள்ளி ஆற்றல் தருகின்றன. இறுதியில் புகை வெளியேறுகிறது.

1893இல் இக்கருத்துக்குக் காப்புரிமை கிட்டியது. அவ்வாண்டே ஆக்சுபர்க்கில் நடந்த முதற்சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. ஆயினும் எரிபொருள் தானே பற்றியது உறுதியானதால் அவர் தளரவில்லை. நான்காண்டு உழைப்பின் பயனாக, 1897இல் ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கொண்ட எந்திரம் 26 விழுக்காட்டு வெப்பத்திறனை எட்டியது. 1900ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் டீசல் எந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயிலும் இயங்கியது.

பெருந்தொழிற்சாலைகளின் போட்டியால் நலிந்த சிறு பட்டறையாளர்க்குத் தம் எந்திரம் கைகொடுக்கும் என அவர் நம்பினார். ஆனால் அதனை முந்திக்கொண்டு ஏற்றவை ஆலைகளும் கப்பல்களும் நீர்மூழ்கிகளுமே. புகழ் வளர, காப்புரிமை வழக்குகளும் கடனும் உடல்நலிவும் அவரை வாட்டின. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து அவர் காணாமற்போனார். சில நாள்களுக்குப்பின் கடலில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அம்மறைவின் காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை. வீணாகும் வெப்பத்தைக் கண்டு வருந்திய ஓர் உள்ளத்தின் உழைப்பு மட்டும் கடலிலும் நிலத்திலும் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.