ஈப்போவில் பிறந்தவரும் பதுளையில் பிறந்தவர்களும்

தலைப்பிள்ளை தாய்வீட்டிலே பிறத்தல் வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றிய வழக்கம். ஏழாந் திங்கள் நிறைந்ததும் பெற்றோர் வந்து மகளைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் செல்வர். வளர்ந்த வீடும், பழகிய கிணற்று நீரும், தாயின் கைப்பக்குவமும் முதற் பேற்றின் அச்சத்தைப் பாதியாகக் குறைக்கும். ஆயின், பிழைப்பு நாடிக் கடல் கடந்த இளந் தம்பதியர்க்கு அவ்வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை. அயல்மொழி ஒலிக்கும் ஊரிலே, உறவினர் எவரும் அருகில்லாது, பத்துத் திங்களை எண்ணிக் கழித்த தமிழ்ப் பெண்கள் எத்துணையோ பேர். அவர்களுள் ஒருவரே ஹரியட் அன்னம்மா கணபதிப்பிள்ளை.

அவருடைய கணவர் ஜேம்ஸ் விசுவநாதன் வேலுப்பிள்ளை, ஆசிரியத் தொழில் பயின்றவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தினரான இவ்விருவரும் மலாயாவின் பேராக் மாநிலத்து ஈப்போ நகரிலே வாழ்ந்தனர். அங்கே 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அவர்களுக்குத் தலைமகன் பிறந்தான். சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் எனப் பெயர் பெற்ற அம்மகவே, பிற்காலத்தில் இலங்கைத் தமிழ் மக்களால் தந்தை செல்வா என்று அழைக்கப்பெற்ற பெருமகன்.

அவர் வரலாற்றை எழுதுவோர் பலரும் அவருடைய பிறப்பிடத்தை ஒரு வரியிலே கூறிவிட்டு மேற்செல்வர். ஆனால், அயல்நாட்டில் நிகழ்ந்த அந்தப் பிறப்பு, அவர் வாழ்வின் நடுப்பகுதியில் எழுந்த ஒரு பெருங் கேள்வியோடு நெருங்கிய தொடர்புடையது. ஒரு குழந்தை எந்த நாட்டுக்கு உரியது என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்பதே அக்கேள்வி. அதன் முழுப் பொருளையும் உணர்வதற்கு, ஈப்போவிலிருந்து ஊவா மலைகளுக்குச் செல்லுதல் வேண்டும்.

கோப்பி வீழ்ந்தது, குடும்பங்கள் வந்தன

1869ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொடி போன்றதொரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிச் செல்வம் முழுவதும் அந்நோய்க்கு இரையாயிற்று. 1884இல் கொழும்பின் ஒரியன்டல் வங்கி முறிந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்க்கு உள்நாட்டில் வேலை அரிதாக இருந்த காலம் அது. அமெரிக்க மிஷனரிமார் 1816 முதல் நிறுவிய பள்ளிகள் ஆண்டுதோறும் கற்றவர்களை உருவாக்கின. ஆனால் அவர்களுக்கேற்ற உத்தியோகங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. அதே வேளையில் மலாயாவிலே வெள்ளீயச் சுரங்கங்களும், புகையிரதப் பாதைகளும், அரசாங்கக் கந்தோர்களும் விரிவடைந்துகொண்டிருந்தன. எழுதவும் கணக்கெடுக்கவும் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்பட்டனர். வேலுப்பிள்ளை தம்பதியர் போன்றோரை ஈப்போவுக்கு ஈர்த்த காலப்போக்கு இதுவே.

கோப்பி இருந்த இடத்திலே தேயிலை வந்தது. இம்மாற்றம் ஊவாவின் தோட்டங்களில் மற்றொரு மாற்றத்தையும் விளைவித்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் ஆட்பலம் மிகுதியாக வேண்டும். ஆண்கள் கூட்டமாக வந்து, பருவம் முடிந்ததும் தமிழகத்துக்குத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதனைப் பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். அவர்கள் நிலையாகத் தங்குதலும் வேண்டும். ஆகவே கணவனும் மனைவியுமாகக் குடும்பங்கள் வந்தன. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, கொஸ்லாந்தை என்னும் ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் லயன் வரிசைகள் பெருகின.

செல்வநாயகம் பிறந்த காலத்தில் ஊவாவுக்குப் புகையிரதம் பண்டாரவளை வரையே சென்றது. 1894இல் அங்கு எட்டிய பாதை, பதுளையை அடைவதற்கு 1924ஆம் ஆண்டு வரை சென்றது. பதுளைக்கு அப்பாலுள்ள தோட்டங்களை நாடியோர் மூட்டை முடிச்சுகளுடன் மலையேறியே சென்றனர். அவ்வாறு சென்ற இளம் பெண்ணொருத்தி, லயனின் ஓரறையிலே தன் முதற் பிள்ளையை எதிர்பார்த்திருந்த ஆண்டு எத்தகையது! விடியுமுன் பிரட்டுக்குச் செல்லுதல், மழையிலும் பனியிலும் கூடை சுமத்தல், அட்டைக் கடி, பெரிய கங்காணியின் கணக்கிலே நீங்காத கடன். அவளுக்கும் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. பேறு பார்க்க வந்தவள் பக்கத்து லயனின் அனுபவமுள்ள கிழவியே. பிறந்த குழந்தை பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தது. பின்னர் அதன் பெயரும் செக்ரோலில் ஏறிற்று.

ஈப்போவில் ஒரு தாய், ஊவாவில் பல தாயர். ஒருவர் கற்றோர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மற்றையோர் உடலுழைப்பையே நம்பியவர்கள். ஆயினும் பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த இடத்திலே தலைப்பிள்ளையைப் பெற்றெடுத்தவர்கள் என்ற வகையில் அவர்களிடையே வேற்றுமை இல்லை. வேற்றுமையைப் பிறிதொரு காலத்தில் சட்டம் உண்டாக்கியது.

ஆசிரியர், வழக்கறிஞர், அரசியலாளர்

செல்வநாயகத்துக்கு நான்கு வயதானபோது, பிள்ளைகளின் கல்வியைக் கருதிக் குடும்பம் தெல்லிப்பழைக்கு வந்தது. தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும், பின்னர் கொழும்பு முகத்துவாரத்தில் அமைந்திருந்த பரி. தோமாவின் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1918இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்று ஆசிரியரானார். மரணப்படுக்கையிலிருந்த தம்பியைக் காண்பதற்கு விடுமுறை மறுக்கப்பட்டபோது, தயங்காது அவ்வேலையைத் துறந்தார். மென்மையான குரலும் மெலிந்த உடலும் கொண்ட அம்மனிதர், தமக்கு நியாயமெனத் தோன்றிய ஒன்றில் எத்துணை உறுதியாக நிற்பார் என்பதற்கு அதுவே முதற் சான்று.

சட்டம் பயின்று 1924இல் வழக்கறிஞராகி, சிவில் வழக்குகளில் நற்பெயர் ஈட்டினார். 1927இல் எமிலி கிரேஸ் பார் குமாரகுலசிங்கம் அம்மையாரை மணந்தார். நான்கு ஆண்மக்களும் ஒரு மகளும் பிறந்தனர். 1947இல் இராச வழக்கறிஞர் என்னும் உயர்நிலை பெற்ற அவர், அவ்வாண்டே தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராகக் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தார்.

அதே தேர்தலிலே மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் தெரிவாயினர். பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவராக வந்தார். லயன் அறைகளில் வாழ்ந்தோர் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய அந்த நிகழ்ச்சி, ஆட்சியாளர் சிலருக்கு அச்சத்தை ஊட்டிற்று. ஓராண்டு கழியுமுன்னே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது.

தந்தை எங்கே பிறந்தார்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையிற் பிறந்தாரா என்று மட்டும் கேட்கவில்லை. அவருடைய தந்தை எங்கே பிறந்தார் என்று கேட்டது. இலங்கையிற் பிறந்தவராயின், தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். நாட்டுக்கு வெளியே பிறந்தவராயினும், தந்தையும் பாட்டனும் இலங்கையிற் பிறந்தோராயின் பிரசாவுரிமை உண்டு.

இங்கேதான் செல்வநாயகத்தின் பிறப்பிடம் பொருள் பெறுகின்றது. அவர் ஈப்போவிலே பிறந்தவர். வாழ்வின் முதல் ஆண்டுகளை மலாயாவிலே கழித்தவர். எனினும் யாழ்ப்பாணத்துப் பரம்பரையினர் ஆதலால் அவருடைய பிரசாவுரிமையைச் சட்டம் ஐயுறவில்லை. அவர் பிறந்த அதே ஆண்டில் பதுளைத் தோட்டமொன்றிலே பிறந்து, ஐம்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாத ஒருவரோ, தந்தை தமிழகத்திற் பிறந்தவர் என்ற காரணத்தால் அந்நியராக்கப்பட்டார். தந்தையும் தோட்டத்திலேயே பிறந்திருந்தாலும் அதனை மெய்ப்பிப்பது எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்படவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்ற தாய் எங்கே பிறந்தாள் என்பதை அச்சட்டம் பொருட்படுத்தவே இல்லை. பசறையிற் பிறந்த பெண்ணொருத்தி பசறையிலேயே பெற்றெடுத்த பிள்ளையும், கணவனின் தந்தைவழி காரணமாக நாடற்ற பிள்ளையாகக் கூடும்.

1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவழித் தமிழர் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுக்கென 1949இல் தனிச் சட்டமொன்று கொண்டுவரப்பட்டது. மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்தமையை நிரூபித்தல் வேண்டும் என்றது அச்சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட பயணம் அத்தொடர்ச்சியை அறுத்துவிடும். தலைப்பிரசவத்துக்காகத் தமிழகத்துத் தாய்வீடு சென்று, பிள்ளை தேறும்வரை தங்கித் திரும்புதல் தமிழர்க்கு இயல்பு. அந்த இயல்பே உரிமைக்கு ஊறாகக்கூடிய நிலை எழுந்தது. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரசாவுரிமை கிட்டியது. அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகள் அல்லாதோரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது.

தமக்கு இழப்பில்லாத இடத்தில் எடுத்த நிலை

இச்சட்டங்களால் செல்வநாயகத்துக்கோ அவருடைய தொகுதி மக்களுக்கோ நேரடியாக எவ்வித இழப்பும் இல்லை. அவருடைய கட்சித் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரவையிற் சேர்ந்திருந்தார். செல்வநாயகம் உடன் சென்றிருந்தால் பதவிகள் தாமே தேடி வந்திருக்கக் கூடும். அவர் அவ்வழியை ஏற்கவில்லை. இன்று தோட்டத் தொழிலாளருக்கு இழைக்கப்படும் அநீதி, நாளை மொழி வடிவில் வடக்கையும் கிழக்கையும் நாடி வரும் என்று அவர் பாராளுமன்றத்தில் எச்சரித்தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவ்வெச்சரிக்கையின் உண்மையை அனைவரும் உணர்ந்தனர்.

கு. வன்னியசிங்கம், டாக்டர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் பிரிந்து சென்ற அவர், 1949 டிசம்பர் 18ஆம் நாள் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். 1952 தேர்தலில் காங்கேசன்துறை அவரைத் தோற்கடித்தது. பதுளை உட்பட மலைநாட்டின் எழுவரது ஆசனங்களும் மறைந்தன. 1956இல் அவர் மீண்டும் வென்றார். அவ்வாண்டு திருகோணமலை மாநாட்டில் கட்சி வைத்த நான்கு கோரிக்கைகளுள் மலையக மக்களின் பிரசாவுரிமையும் ஒன்று. 1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்காவுடன் செய்த உடன்படிக்கையின்போதும் அவ்விடயத்தை அவர் எழுப்பினார். விரைவிற் கவனிக்கப்படும் என்ற வாக்குறுதிக்கு மேல் எதுவும் பெற முடியவில்லை. அவ்வுடன்படிக்கையும் மறுஆண்டே கைவிடப்பட்டது.

அவர் தோல்விகளை மறைத்தல் தகாது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. பண்டங்களைப் போல மக்கள் பங்கிடப்படுவதைத் தமிழரசுக் கட்சி கண்டித்தது, தடுக்க முடியவில்லை. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பதுளையும் பண்டாரவளையும் ஹப்புத்தளையும் அழுகுரலால் நிறைந்தன. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வந்தது. அந்த வண்டியில் இருந்தோர் பலர் ஊவாவிலேயே பிறந்தவர்கள். தாயகம் என்று சொல்லப்பட்ட நாட்டுக்கு முதன்முறையாகச் சென்றவர்கள்.

பார்க்கின்சன் நோயும் செவிப்புலக் குறைவும் முதுமையில் அவரை வருத்தின. ஆயினும் 1972இல் தமிழர் ஐக்கிய முன்னணியிலும், 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணியிலும் பழைய எதிராளி பொன்னம்பலமும் மலையகத் தலைவர் தொண்டமானும் அவருடன் ஒரே மேடையில் அமர்ந்தனர். 1977 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் தெரிவானார். 1947இன் பின் மலையகத் தமிழர் வாக்குகளால் அவர்களிடையேயிருந்து ஒருவர் பாராளுமன்றம் சென்றது அப்போதுதான். அதனைக் காணச் செல்வநாயகம் இருக்கவில்லை.

நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 1988இல் ஒரு சட்டமும், எஞ்சியோருக்காக 2003இல் மற்றொரு சட்டமும் நிறைவேறின. அதே 2003இல் பிரசாவுரிமைச் சட்டம் திருத்தப்பட்டுத் தாய்வழியும் தந்தைவழிக்கு நிகராக ஏற்கப்பட்டது. ஈப்போவிற் பிறந்த பிள்ளைக்குக் கேள்வியின்றிக் கிடைத்த உரிமை, பதுளையிற் பிறந்த பிள்ளைகள் யாவரையும் வந்தடைய 55 ஆண்டுகள் கழிந்தன. அவ்வுரிமை தமக்கு இருந்தும், இல்லாதார் பக்கம் நின்றமையே செல்வநாயகத்தின் அரசியலுக்கு அடித்தளம். அவருடைய மற்றைய முடிவுகளைப் பற்றி அறிஞர் கருத்து வேறுபடலாம். இந்த ஒன்றைப் பற்றி வேறுபட இடமில்லை.